27 வயதில் மார்பில் ஒரு கட்டி: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

கேள்வி இது: “எனக்கு வயது 27. திருமணமாகி ஒரு வருடம் ஆகிறது. குளிக்கும்போது இடது மார்பில் கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை, தொட்டால் நழுவுகிறது. ஸ்கேனில் ‘1.8 செ.மீ., ஃபைப்ரோஅடினோமா போலத் தெரிகிறது, பைராட்ஸ் 3’ என்று எழுதியிருக்கிறார்கள். அம்மா உடனே ஆபரேஷன் செய்து எடுத்துவிடச் சொல்கிறார். மாமியாரோ குழந்தை பிறந்து பால் கொடுத்தால் தானாகக் கரைந்துவிடும் என்கிறார். யார் சொல்வது சரி? மார்புக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? அம்மாவுக்கு 54 வயது, அவரும் ஏதாவது பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?”

இருவர் சொல்வதும் சரியில்லை. உங்கள் வயதில் இப்படி நழுவுகிற, வழவழப்பான, வலியில்லாத கட்டி பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமாதான். அது புற்றுநோய் இல்லை, எனவே நாளைக்கே மேஜையில் படுக்க வேண்டிய அவசரமும் இல்லை. பால் கொடுத்தால் கரையும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. சொல்லப்போனால் கர்ப்பகாலத்தில் ஹார்மோன் ஏறும்போது இந்தக் கட்டி கொஞ்சம் பெரிதாகலாம். செய்ய வேண்டிய வேலை ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அது ஊசிப் பரிசோதனை, அதாவது கட்டியிலிருந்து ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அறுவை சிகிச்சை ஓ.பி.யில் உட்காருகிறவர்கள் மார்பில் கட்டி என்று ஒரு பெண் வந்தால் முதலில் பார்ப்பது சீட்டில் எழுதியிருக்கும் வயதை. வயதைப் பார்த்ததுமே பாதி ஊகம் வந்துவிடும். காரணம், மார்பகம் பிறந்தபோது இருந்தபடியே இருக்கிற உறுப்பு இல்லை. கருவில் தொடங்கி, பருவத்தில் வளர்ந்து, மாதாமாதம் வீங்கி வடிந்து, கர்ப்பத்தில் முழு வடிவம் எடுத்து, மாதவிடாய் நின்றபின் சுருங்குகிறது. அதில் வரும் தொந்தரவுகளும் பெரும்பாலும் அந்தந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மார்பகம் அடிப்படையில் உருமாறிய ஒரு வியர்வைச் சுரப்பி. இரண்டாவது விலா எலும்பிலிருந்து ஆறாவது விலா வரைக்கும், நடு மார்பெலும்பின் ஓரத்திலிருந்து அக்குளுக்கு நேர்கீழே பக்கவாட்டுக் கோடு வரைக்கும் பரவியிருக்கும். அதோடு அக்குளுக்குள்ளும் வால் மாதிரி ஒரு பகுதி நீண்டிருக்கும். பெண்கள் தாங்களே தடவிப் பார்க்கும்போது இந்த இடத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். சுரப்பித் திசு அதிகம் இருப்பது அக்குளை ஒட்டிய மேல் வெளிப்பகுதியில். மார்பகப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதி அங்கேதான் தோன்றுகிறது.

உள்ளே 15 முதல் 20 மடல்கள். ஒவ்வொரு மடலும் சிறு சிறு நுண்மடல்களாகப் பிரிந்திருக்கும். பால் சுரப்பது அந்த நுண்மடல்களில். சுரந்த பால் மெல்லிய நாளங்கள் வழியாகக் காம்புக்கு வரும். நாளத்தின் கடைசிக் கிளை நுண்மடலைத் தொடுகிற இடம் ஒன்று இருக்கிறது. மார்பகத்தின் முக்கால்வாசிக் கதை நடப்பது அந்த இடத்தில்தான். புற்றுநோய் பெரும்பாலும் அங்கே தொடங்குகிறது, நீர்க்கட்டியும் அங்கே உருவாகிறது. உங்கள் ஃபைப்ரோஅடினோமாவும் ஒரு நுண்மடலும் அதைச் சுற்றிய நார்த்திசுவும் அளவுக்கு மீறி வளர்ந்ததுதான். புதிதாக வந்து ஒட்டிக்கொண்ட பொருள் எதுவும் இல்லை.

மீதி இடத்தை நிரப்புவது கொழுப்பு. மார்பின் அளவைத் தீர்மானிப்பது அதுதான், பால் சுரப்பதற்கும் அளவுக்கும் சம்பந்தமில்லை. சிறிய மார்பு என்பதால் பால் போதாது என்று புது அம்மாக்களை மிரட்டும் உறவினர்களிடம் இதைச் சொல்லலாம். மார்பகத்துக்குள் அதைத் தூக்கி நிறுத்தும் தசை கிடையாது, அது ஒரு பெரிய மார்புத் தசையின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். தாங்கிப் பிடிப்பவை தோலிலிருந்து உள்ளே போகும் நார்ப்பட்டைகள். 1840இல் அவற்றை விரிவாக விவரித்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயராலேயே அவை அழைக்கப்படுகின்றன. உள்ளே ஒரு புற்றுக்கட்டி வளர்ந்து இந்தப் பட்டையைப் பிடித்து இழுத்தால் வெளியே தோலில் ஒரு குழி விழும். கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கண்ணாடியில் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். கையைத் தூக்கும்போது குழி தெளிவாகத் தெரியும்.

திசுக்களிலிருந்து வடியும் திரவமான நிணநீர் பற்றி ஒரு வார்த்தை. மார்பகத்தின் நிணநீரில் சுமார் முக்கால் பங்கு அக்குள் நெறிகளுக்குப் போய்ச் சேருகிறது. புற்று பரவினாலும் பெரும்பாலும் அந்த வழியேதான். அதனால்தான் மார்பைப் பார்க்கிற மருத்துவர் அக்குளையும் அழுத்திப் பார்க்கிறார்.

இனி வளர்ச்சி. கருவுக்கு ஆறு வாரம் ஆகும்போது அக்குளிலிருந்து தொடை இடுக்கு வரை இரண்டு பக்கமும் ஒரு மேடு ஓடும். அதற்குப் பால்கோடு என்று பெயர். மனிதக் கருவில் மார்புப் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிட வேண்டும். சிலருக்கு முழுதாக மறையாமல் அந்தக் கோட்டில் எங்காவது மச்சம் போல ஒரு கூடுதல் காம்பு தங்கிவிடும். சிலருக்கு அக்குளில் சுரப்பித் திசுவே தங்கியிருக்கும். மூன்று முலைகளோடு பிறந்ததாகச் சொல்லப்படும் மதுரை மீனாட்சியின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. நடைமுறையில் இது தொந்தரவு தருவது பிரசவம் ஆன சில நாளில். பால் இறங்கும்போது அக்குளில் இருக்கும் அந்தத் திசுவும் வீங்கி வலிக்கும். ‘நெறி கட்டிடுச்சு’ என்று பயந்துகொண்டு வருவார்கள். பாலுக்கு வழியில்லாததால் சில நாளில் தானே அடங்கிவிடும். குளிர்ந்த ஒத்தடம் போதும்.

பிறந்த குழந்தைக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், மார்பு சற்று வீங்கியிருக்கலாம், துளிப் பால் கூட வரலாம். தாயின் ஹார்மோன் குழந்தையின் உடம்பில் மிச்சமிருப்பதால் வருவது அது. சில வாரங்களில் தானாகப் போய்விடும். ஆனால் நம் வீடுகளில் குளிப்பாட்டும்போது அதைப் பிதுக்கி எடுக்கும் பழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. பிதுக்கினால் கிருமி உள்ளே போய்ச் சீழ் வைக்கும். பெண் குழந்தையாக இருந்தால் பின்னால் மார்பகமாக வளர வேண்டிய அந்த மொட்டே சிதைந்துபோகலாம். குளிப்பாட்ட வரும் பாட்டி எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் இந்த ஒன்றுக்கு மட்டும் ‘வேண்டாம் பாட்டி’ என்று சொல்லிவிடுங்கள்.

அதே காரணம் பருவ வயதுக்கும் பொருந்தும். பெண் குழந்தைகளுக்கு மார்பக வளர்ச்சி 8 முதல் 13 வயதுக்குள் தொடங்கும். பல பேருக்கு ஒரு பக்கம் முதலில் தொடங்கி, மறுபக்கம் சில மாதம் கழித்துத் தொடரும். காம்புக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் கெட்டியாகத் தட்டுப்பட்டதும் கட்டி என்று நினைத்துப் பெற்றோர் பதறுவது சகஜம். அந்தக் கெட்டிதான் மொட்டு. அதை வெட்டி எடுத்தால் அந்தப் பக்கம் வளரவே வளராது. அதனால் அங்கே கத்தி வைக்கக் கூடாது என்பது அறுவை மருத்துவத்தில் பாலபாடம். 8 வயதுக்கு முன்பே வளர்ச்சி தொடங்கினாலும், 13 தாண்டியும் தொடங்காவிட்டாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பையன்களிலும் பாதிப் பேருக்கு மேல் இந்த வயதில் மார்பு சற்று வீங்கும். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் வடிந்துவிடும். பள்ளியில் கேலி தாங்க முடியாமல் வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் பையன்கள் உண்டு. அவர்களுக்கு இந்தத் தகவலே பெரிய மருந்து.

உங்கள் வயதுக்கு வருவோம். 15 முதல் 35 வரை கட்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஃபைப்ரோஅடினோமா. அழுத்தினால் விரலுக்கு அடியிலிருந்து நழுவி ஓடும். ஒன்றுக்கு மேற்பட்டும் வரலாம். பெரும்பாலும் 2, 3 செ.மீ. அளவோடு நின்றுவிடும். மாதவிடாய் நின்றபின் சுருங்கும். 3 செ.மீ.க்கு மேல் போனாலோ, வேகமாக வளர்ந்தாலோ, ஊசிப் பரிசோதனையில் சந்தேகம் இருந்தாலோ எடுப்போம். வேகமாக வளர்வதில் ஃபில்லாய்ட்ஸ் என்ற வேறு வகைக் கட்டி ஒளிந்திருக்கலாம், அதை விளிம்போடு சேர்த்து முழுதாக எடுக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமலே ‘இது இருக்கிறது என்ற நினைப்பே என்னைத் தூங்கவிடவில்லை’ என்று ஒரு பெண் சொன்னால், அதுவும் எடுப்பதற்கு நியாயமான காரணம்தான். ஆனால் அந்த முடிவு உங்களுடையதாக இருக்க வேண்டும், அம்மாவின் பயத்துக்காக இருக்கக் கூடாது.

அந்த பைராட்ஸ் எண்தான் பலரைத் தூங்கவிடாமல் செய்கிறது. 3 என்றால் மூன்றாம் கட்டப் புற்றுநோய் என்று நினைத்து அழுதுகொண்டே வருகிறவர்களும் உண்டு. இது நோயின் கட்டம் அல்ல, படத்தைப் பார்த்து ரேடியாலஜிஸ்ட் கொடுக்கும் சந்தேக மதிப்பெண். 1 என்றால் எதுவும் இல்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் தீங்கில்லாதது. 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 100க்கு 2க்கு மேல் இல்லை. 4 என்பது மிக அகலமான வகை, 2 சதவீதத்துக்கு மேல் 95 வரைக்கும் எதுவும் இருக்கலாம் என்பதால் ஊசிப் பரிசோதனை செய்தே தீர வேண்டும். 5 என்றால் 95 சதவீதத்துக்கும் மேல். 0 என்று எழுதியிருந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள், இந்தப் படம் போதாது, இன்னொன்று எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

மார்பில் கட்டி என்றால் மூன்று வழியில் பார்ப்போம்: கையால் தொட்டு, படம் எடுத்து, ஊசியால் திசு எடுத்து. மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம். ஒன்று முரண்பட்டாலும் தோண்டிப் பார்க்க வேண்டும். உங்களுக்கு 25 தாண்டிவிட்டதால், கர்ப்பத்துக்குத் திட்டமிடும் முன்பே ஊசிப் பரிசோதனை ஒன்று செய்துவிடுவது நல்லது. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, சற்றுத் தடிமனான ஊசியால் நூல் போன்ற திசுத் துண்டுகள் சிலவற்றை எடுப்பார்கள். ஸ்டேப்ளர் அடிப்பது போல ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அதற்குத்தான் பலர் திடுக்கிடுவார்கள். ஊசி போட்டால் நோய் பரவிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தப் பயத்தால் தள்ளிப்போட்டதில் கெட்டுப்போனவைதான் அதிகம். ஊசியிலும் ஃபைப்ரோஅடினோமா என்று வந்தால் ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று ஸ்கேன் பார்த்துக்கொண்டால் போதும்.

பிரசவத்துக்குப் பிறகு வருவது வேறு உலகம். பால் கட்டிக்கொள்வது, காம்பு வெடிப்பு, அதன் வழியே கிருமி புகுந்து காய்ச்சலோடு ஒரு பக்கம் சிவந்து வலிப்பது. இந்த நேரத்தில் ‘அந்தப் பக்கம் கொடுக்காதே, குழந்தைக்கு ஆகாது’ என்று வீட்டில் சொல்வார்கள். தவறு. பால் வெளியேறிக்கொண்டே இருப்பதுதான் பாதி வைத்தியம், குழந்தைக்கு அதனால் கெடுதல் இல்லை. காய்ச்சல் ஒரு நாளில் அடங்காவிட்டால் ஆன்டிபயாடிக் தேவைப்படும். சீழ் கோத்துவிட்டாலும் இப்போதெல்லாம் கீறுவதற்கு முன் ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் உறிஞ்சி எடுக்கவே முயல்கிறோம்.

பால் வற்ற வைக்க மல்லிகைப்பூவை வைத்துக் கட்டும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் இதை முறையாகவே சோதித்துப் பார்த்து 1988இல் வெளியிட்டார்கள். குழந்தையை இழந்த தாய்மார்களில் ஒரு சாராருக்கு ப்ரோமோக்ரிப்டின் மாத்திரை, மறு சாராருக்கு மார்பில் மல்லிகைச் சரம். இரண்டு பக்கமும் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் குறைந்தது. மாத்திரையில் கூடுதலாகக் குறைந்தது என்றாலும், பூவும் வேலை செய்தது. நாட்டு வைத்தியம் எல்லாமே உண்மை என்றோ எல்லாமே பொய் என்றோ சொல்கிறவர்கள் இரண்டு பேருக்கும் பிடிக்காத முடிவு இது.

ஒரே ஒரு எச்சரிக்கை. பால் கொடுக்கும் பெண்ணுக்கு மார்பு சிவந்து, மருந்து சாப்பிட்டும் ஓரிரு வாரத்தில் குறையவில்லை என்றால் மேற்கொண்டு மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்காமல் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். அழற்சி வடிவில் வரும் புற்றுநோய் ஒன்று இருக்கிறது. பால் கொடுக்காத பெண்ணுக்குச் சீழும் புண்ணுமாக வந்தால் காசநோயும் நம் நாட்டில் நினைவில் வைக்க வேண்டியது. கிரானுலோமட்டஸ் மாஸ்டைட்டிஸ் என்ற இன்னொரு அழற்சி கையில் அப்படியே புற்றுநோய் மாதிரித் தட்டுப்படும், திசுப் பரிசோதனைதான் இரண்டையும் பிரித்துச் சொல்லும்.

முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் அதிகம் வரும் புகார் வலி. மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பு இரண்டு பக்கமும் கனத்து, முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டு, வந்ததும் குறைந்துவிடும். ஹார்மோன் ஏற்ற இறக்கத்தின் வேலை. நன்றாகத் தாங்கும் உள்ளாடை, தேவைப்பட்டால் வலிக்குத் தடவும் ஜெல், ‘ஒன்றுமில்லை’ என்ற உறுதி, இவையே பெரும்பாலோருக்குப் போதும். ஈவினிங் பிரிம்ரோஸ் மாத்திரை எழுதிக் கொடுப்பது இங்கே சடங்கு போல ஆகிவிட்டது. வெற்று மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்வதாக ஆய்வுகளில் தெரியவில்லை. இந்த வயதில் திடீரென்று பெரிதாகத் தோன்றும் கட்டி நீர்க்கட்டியாக இருக்கலாம். ஸ்கேனில் உடனே தெரிந்துவிடும், தொந்தரவு தந்தால் ஊசியால் நீரை எடுத்துவிடலாம்.

காம்பில் கசிவு வந்தால் நிறத்தைவிட முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு: தானாக வருகிறதா, பிதுக்கினால்தான் வருகிறதா? ஒரு துளையிலிருந்தா, பலவற்றிலிருந்தா? பிதுக்கினால் பல துளைகளில் பச்சையாகவோ பழுப்பாகவோ வருவது பெரும்பாலும் நாளங்கள் விரிவடைந்ததால். இரண்டு பக்கமும் பால் மாதிரி வந்தால் தைராய்டு, புரோலாக்டின் இரண்டையும் பார்ப்போம். சாப்பிடும் மாத்திரைகளையும் கேட்போம். வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன் கூட இதைச் செய்யும். ஒரு பக்கம், ஒரே துளை, தானாக, ரத்தமாகவோ நிறமற்ற நீராகவோ வந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். நாளத்துக்குள் வளரும் சிறு மரு ஒன்றுதான் பெரும்பாலும் காரணம், ஆனாலும் பார்த்துவிட வேண்டும்.

கடைசியில் எல்லோரும் பயப்படும் புற்றுநோய். சென்னையில் 1982 முதல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பதிவேடு ஒன்றை நடத்தி வருகிறது. முன்பு பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய் முதலிடத்தில் இருந்தது, இந்த நூற்றாண்டில் மார்பகம் அதை முந்திவிட்டது. இந்தியா முழுவதும் 2020இல் சுமார் 1,78,000 புது நோயாளிகள், சுமார் 90,000 இறப்புகள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கொடுத்த மதிப்பீடு. மேற்கு நாடுகளைவிட இங்கே ஏறத்தாழ பத்து வருடம் முன்னதாகவே நோய் வருகிறது. நோயைக் கண்டுபிடிக்கும்போது முற்றிய நிலையில் இருப்பதும் இங்கே அதிகம். அதற்கு ஒரு முக்கியக் காரணம் வலி இல்லாமை. வலித்தால் ஓடி வருகிறோம், வலிக்காத கட்டியைப் பொறுத்துக்கொள்கிறோம். மார்பகத்தில் கணக்கு பெரும்பாலும் தலைகீழ். கெட்டியான, ஒழுங்கற்ற, நகராத, வலியில்லாத கட்டிதான் சந்தேகத்துக்குரியது. தோல் குழிவது, ஆரஞ்சுத் தோல் போலத் தடிப்பது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் ஆறாத சொறி, அக்குளில் நெறி, இவையும் அப்படித்தான். ஆண்களுக்கும் வரும், நூறில் ஒரு பங்கு அளவில்.

வீட்டில் யாருக்கும் இந்த நோய் இல்லை என்றால் அது நல்லதுதான், ஆனால் முழு நிம்மதி ஆகாது. பரம்பரை மரபணுவால் வருவது 5 முதல் 10 சதவீதம் மட்டுமே. ரவிக்கைக்குள் பர்ஸும் செல்போனும் வைப்பதால் வரும், கறுப்பு உள்ளாடையால் வரும் என்பதெல்லாம் வாட்ஸ்அப் சரக்கு. மாதவிடாய் நின்றபின் ஏறும் எடை, மது, உடலுழைப்பு இல்லாமை இவை உண்மையிலேயே ஆபத்தைக் கூட்டுபவை. பால் கொடுப்பது ஓரளவு குறைக்கும்.

வந்துவிட்டால் மார்பையே எடுத்துவிடுவார்களோ என்பது அடுத்த பயம். 1882இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் மார்பகத்தோடு அடியில் இருக்கும் தசையையும் சேர்த்து வெட்டும் முறையைத் தொடங்கினார், ஒரு நூற்றாண்டுக்குக் கிட்டத்தட்ட அதுவே வேதவாக்காக இருந்தது. பிறகு அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் நடத்திய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் வந்தன. தொடக்க நிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும் முழு மார்பையும் இழந்தவர்களும் ஒரே அளவுக்கு உயிர் வாழ்ந்தார்கள். சீக்கிரம் வந்தால் மார்பைக் காப்பாற்றலாம் என்று நாங்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

சரி, உங்கள் அம்மா. இந்த வீட்டில் இப்போது பரிசோதனை அதிகம் தேவைப்படுகிறவர் அவர்தான். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை சுமார் 1,50,000 பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்தார்கள், அவ்வளவுதான், மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரே இல்லை. 50 வயதைத் தாண்டிய பெண்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றாநோய்ப் பிரிவில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தச் சோதனை இலவசம். அம்மாவை அங்கே ஒருமுறை அழைத்துப் போங்கள். வசதி இருந்தால் மேமோகிராமும் எடுக்கலாம். அவர் வயதில் சுரப்பித் திசு குறைந்து கொழுப்பு கூடியிருப்பதால் படம் தெளிவாக விழும். உங்களுக்கு ஸ்கேன் மட்டும் எடுத்ததன் காரணமும் அதுதான், இளம் மார்பில் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் எல்லாம் வெள்ளையாகத் தெரியும்.

மேமோகிராம் எடுக்கும் நாளன்று காலை அம்மாவை அக்குளில் பவுடரோ ஸ்ப்ரேயோ போடாமல் வரச் சொல்லுங்கள், அதன் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போல விழுந்து குழப்பும். இரண்டு தகடுகளுக்கு நடுவே மார்பை அழுத்திப் பிடிப்பார்கள், சில நொடி வலிக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தப் படத்தையும் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வையுங்கள், இரண்டு வருடம் கழித்து அடுத்ததை எடுக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்பார்கள்.